யாரும்

இரவு பதினொன்றே முக்கால்.
முக்கூடல் பஸ் நிலையத்துக்குப் பின்னால்
ஜெராக்ஸ் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
உரிமம் என்று ஒரு கோப்பைத் திறந்து
உட்கார்ந்திருக்கிறேன்.
கோப்பில் ஒன்றுமில்லை.
கர்சர் மட்டும் இமைக்கிறது,
கடன் கேட்டுவிட்டு வாசலில் நிற்பவனைப் போல.

பெரிய புரோகிராம் எல்லாம் இல்லை.
வாங்கிய இலை எத்தனை கிராம், தூள் எத்தனை,
சுற்றிய பீடி எத்தனை,
கடையில் கழித்துப் போட்டது எத்தனை,
கைக்கு வந்த கூலி எவ்வளவு.
ஐந்து கட்டம். நிரப்பினால்
மாதக் கடைசியில் ஒரே ஒரு வரி சொல்லும்:
உனக்கு இத்தனை ரூபாய் குறைகிறது.

முப்பிடாதி சித்திக்காக எழுதினேன் என்று
கேட்பவர்களிடம் சொல்கிறேன்.
ஐப்பசி மழையில் ஆதார் திருத்த ஆள் வரவில்லை,
பொழுது போகவில்லை, அதுதான் நிஜம்.
அப்புறம் சித்தி, சித்தியின் தெரு,
ஆற்றுக்கு அந்தப் பக்கம் அரியநாயகிபுரம்.
இன்றைக்கு நூற்றுப் பதினாறு போன்கள்.

"திறந்து போட்டுரு பேராச்சி" என்கிறாள்
பாலிடெக்னிக்கில் கூடப் படித்த ஜெபராணி.
"கல்யாணமாகி நீ போயிட்டா யாரு பாப்பா?
போகாட்டாலும் உனக்குச் சலிச்சுப் போச்சுன்னா?"

இரண்டாவது கேள்வி சுருக்கென்றது.

திறப்பதென்றால்
உள்ளே கிடப்பதும் தெரியும்.
கழிவைக் கணக்கிடும் இடத்தில்
சவம் ஒன்று, சவம் இரண்டு, சவத்தெழவு என்று
பெயர் வைத்திருக்கிறேன்.
நூற்று நாற்பதாம் வரிக்கு மேலே ஒரு குறிப்பு:
இது ஏன் ஓடுகிறதென்று தெரியவில்லை. தொடாதே.
எழுதியவள் நான்.
எனக்குத்தான் எழுதியிருக்கிறேன்.

உரிமங்கள் தைத்தே கிடைக்கின்றன,
பள்ளிக்கூடச் சீருடை மாதிரி.
எடு, என்னவும் செய், என்னைக் குறை சொல்லாதே
என்பது ஒன்று.
எடு, மாற்று, கொடு; கொடுக்கையில்
மாற்றியதைத் திறந்து காட்டு என்பது இன்னொன்று.
எதுவும் எனக்குப் பிடிபடாமல்
நேற்று நானே இரண்டு வரி எழுதினேன்:
யாரும் எடுக்கலாம்.
பீடிக்கடைக்காரர் யாரும் எடுக்கக் கூடாது.

நன்றாகத் தூங்கினேன்.

இன்று மத்தியானம் வைகுண்டமணி வந்தார்.
சித்தியின் கட்டுகளை விரலால் நசுக்கிப் பார்த்து
கழித்துத் தள்ளுகிற அதே செக்கர்.
ரேஷன் கார்டு, முன்னும் பின்னும், இரண்டு காப்பி.
பணம் கொடுத்த பிறகும் நின்றார்.
"அந்தக் கணக்கு எனக்கும் ஒண்ணு போட்டுத் தாயேன் தாயி.
கம்பெனியிலேருந்து வார மூட்டையில
இலை ரெண்டு கிலோ குறையுது.
எழுதிக் காட்ட எனக்குத் துப்பில்ல.
மேல கேக்கான். நான் கீழ கழிக்கேன்."

அவரை நான் மன்னிக்கவில்லை.
பத்து ரூபாய்க்குச் சில்லறை சரியாக எண்ணிக் கொடுத்தேன்.
அவர் போனதும் அந்த இரண்டு வரியையும் அழித்தேன்.

யாரும்.
இந்தச் சொல்லை நம்பி ஒரு வாக்கியத்தில் ஏற முடியாது.
கடைசியில் வினை வந்து உட்காரும்வரை
உள்ளே விடுகிறதா வெளியே நிறுத்துகிறதா
தெரியாது அதற்கு.
யாரும் வரலாம்.
யாரும் வரவில்லை.

கம்பெனியும் எடுக்கும்.
எடுத்து, குறைகிறது என்ற வரியை மட்டும்
பூப்போலக் கிள்ளி எறிந்துவிட்டுத்
தன் பெயரில் கடைக்குக் கடை கொடுக்கும்.
அப்படிக் கொடுத்தால், கிள்ளிய இடத்தைக் காட்டு.
அது ஒன்றுதான் நான் கேட்கக்கூடியது.
கேட்டால் காட்டுவார்களா
என்பது உரிமத்தில் இல்லை.

இரண்டாவது சீருடையை எடுத்தேன்.
பெயர் போடும் இடத்தில்
பேராச்செல்வி, முக்கூடல்.
கல்யாணப் பத்திரிகைக்கு முன்னாலேயே
அச்சில் ஏறுகிறது.
சவங்களை எல்லாம் கழிவு என்று மாற்றினேன்.
சவத்தெழவை மட்டும் விட்டுவைத்தேன்,
அது அவ்வளவு சரியான பெயர்.

அனுப்பு பொத்தானை அமுக்கினால் நெட் இல்லை.
டவருக்குக் கரண்ட் போயிருக்கும்.
வட்டம் சுற்றுகிறது.
கடைசி பஸ் பாப்பாக்குடிப் பக்கம் போகும் சத்தம்.

சும்மா இருக்க முடியாமல்
நூற்று நாற்பதுக்குப் போனேன்.
தொடாதே என்பதை எடுத்துவிட்டு எழுதினேன்:
தெரிந்தவர்கள் சொல்லவும்.